சன்னலைச் சாத்து

கிகிந்தா ஊர்ச் சதுக்கத்தில்
நவம்பர் பிறந்தால் ஆந்தைகள் வந்து அடையும்,
மரத்துக்கு முப்பது, நாற்பது.
அதற்கு நேரெதிரே ஸ்லாவென்காவின் முடிதிருத்தகம்.
அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.
ரொசாலியாவின் தலையில் பாதிக்குச் சாயம் பூசியிருந்தாள்.
நெடி போக இரண்டு சன்னலும் திறந்திருந்தன.

சீப்பு விழுந்தது.
எடுத்தாள். மறுபடி விழுந்தது.
மூன்றாம் முறை கையே விழுந்ததைப் பார்த்தாள்,
யாருடைய கையையோ பார்ப்பதுபோல.
வாயின் ஒரு ஓரம் மட்டும்
சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கியது.

'சன்னலைச் சாத்து' என்றான் கணவன் மிலுதின்.
எதிரெதிர்ச் சன்னல்களுக்கு நடுவே ஓடும் காற்று
முகத்தைக் கோணலாக்கும் என்பது
அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி.
சிரிக்காதீர்கள்.
நம் மொழியிலும் இந்த நோயின் பெயருக்குள்
ஒரு காற்று ஒளிந்திருக்கிறது.
வாதம் என்கிறோம், பக்கவாதம்.

சன்னல்கள் சாத்தப்பட்டன. பிறகு
அந்த இன்னொரு வாதம் தொடங்கியது.
நெஞ்சுதான், நெஞ்சைத் தேய் என்றார்
மாடிவீட்டு ராடிவோய்.
இந்த வயதில் அதெல்லாம் வராது என்றது ஒரு குரல்.
வலிக்கிறதா?
இல்லை என்று தலையசைத்தாள்.
எல்லாரும் மூச்சு விட்டார்கள்.
பெரிய ஆபத்து கதவைத் தட்டிவிட்டுத்தான் வரும் என்று
யார் நமக்குச் சொன்னது?

சர்க்கரைத் தண்ணீர் வந்தது,
மோவாய் வழியே கழுத்துக்குப் போனது.
யாரோ ஆஸ்பிரின் நீட்டினார்கள்.
அடைப்பா, கசிவா
என்பது மாத்திரைக்குத் தெரியாது.
மண்டைக்குள் படமெடுக்கும்வரை
எவருக்கும் தெரியாது.

பத்து நிமிடத்தில் கை திரும்பி வந்தது.
விரல்களை மடக்கிக் காட்டினாள்.
'பார்த்தாயா, போய்விட்டது. கொஞ்சம் படு.'
பின்னறைச் சோபாவில் கிடத்தி
தன் கோட்டைப் போர்த்தினான் மிலுதின்.

ரொசாலியா மட்டும் ஒப்பவில்லை.
பாதித் தலை சிவப்பும் பாதித் தலை நரையுமாய்
கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.
'நாளைக்குச் சனிக்கிழமை. எங்கே, சொல்லு.'
'சீப்பு' என்றாள் ஸ்லாவென்கா.
ரொசாலியா ஒன்று, ஒன்பது, நான்கை அழுத்தினாள்.

வண்டியில் கேட்டார்கள், மருத்துவமனையிலும் கேட்டார்கள்:
கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள்?
கல்யாண நாள் ஒரு கணம் வந்து போனது மிலுதினுக்கு.
பிறகு சொன்னான்:
'இரண்டேகால். மின்கட்டணம் கட்டவில்லையென்று
என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
ரொம்ப நன்றாக இருந்தாள்.'
அந்தத் திட்டிலிருந்து மணி எண்ணித்தான்
மருந்து ஏறியது.

மூளையின் இடப்பக்கம். ஆகவே வலக்கை.
ஆகவே சொற்கள்.
ஒன்றே ஒன்று தங்கியது.
தண்ணீருக்கும் சீப்பு, மிலுதினுக்கும் சீப்பு,
கொட்டும் பனிக்கும் சீப்பு.
பார்க்க வந்தவர்கள்
காது கேளாதவளிடம்போல் கத்தினார்கள்,
குழந்தையிடம்போல் கொஞ்சினார்கள்.
அவள் அத்தனையும் கேட்டாள்,
'ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான்' என்று
ராடிவோய் வாசலில் கிசுகிசுத்ததையும்.

ஒன்பதாம் மாதம் கட்டைவிரல் அசைந்தது.
ரொசாலியா அன்று வந்திருந்தாள்.
சாயத்தைக் கழுவ மறந்து வண்டிக்குப் பின்னால் ஓடியவள்;
கருகிய முடியை ஒட்ட வெட்டி
வேறு யாரோ கைவைத்த தலையோடு இருந்தாள்.
ஸ்லாவென்கா அதையே பார்த்தாள், வெகுநேரம்.
'மோசம்' என்றாள்.
புதுச் சொல்.
மூன்று பேரும் சிரித்தார்கள்,
ஒருத்தி கோணலாக.

அன்றிரவு புழுக்கம்.
சன்னலைக் காட்டி 'சீப்பு' என்றாள்.
மிலுதின் திறந்தான். எதிர்ச் சன்னலையும் திறந்தான்.
நடுவே காற்று ஓடியது, அவள் முகத்தின்மேல்,
எதையும் கோணலாக்காமல்.

அவள் தூங்கியதும் எழுந்து
ஒன்றை மட்டும்
சாத்தினான்.